"இங்கே ஓடுகிறதே!"

வலைச்சேவை ஒன்றை எழுதி முடித்தவர் அதனைத் தம் கம்ப்யூட்டரில் பலமுறை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்த பின்னர், பொதுச் சர்வரில் ஏற்றுகிறார். அங்கே அது இயங்க மறுக்கிறது. தொலைவிலுள்ள கள ஊழியர் ஒருவர் தொலைபேசியில் முறையிடுகிறார். தலைமையிடத்திலிருந்து அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "இங்கே நன்றாக ஓடுகிறதே!" இதைக் கேட்டபின் தம் முறையீட்டை வற்புறுத்துவோர் மிகச் சிலர். தம் கைபேசியில்தான் கோளாறு போலும், தாம்தான் தவறாக ஏதோ அழுத்திவிட்டோம் போலும் என்று எண்ணி அவர் பழையபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிடுகிறார். சேவையும் சரியாக இயங்குவதாகவே காகிதத்தில் பதிவாகிவிடுகிறது.

அந்த விடையை ஒரு தீர்ப்பாகக் கொள்வது தவறு. அதுவே ஆராய்ச்சியின் முதல் தடயம் என்பது என் அபிப்பிராயம். ஒரே நிரல் ஓரிடத்தில் இயங்கி மற்றோரிடத்தில் இயங்கவில்லையெனில், நிரலில் எழுதப்படாத ஏதோ ஒன்று அவ்விரண்டு இடங்களுக்குமிடையே வேறுபட்டிருக்கிறது என்பது உறுதி. அந்த வேறுபாட்டைத் தேடுவதை விட்டு, நிரலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் நண்பர்கள் சிலரும் நானும் மழையளவைப் பதிவு செய்வதற்கான சிறு வலைச்சேவை ஒன்றை அமைத்தோம். எங்கள் மேசைமேல் அது குற்றமின்றி இயங்கியது. சர்வரில் ஏற்றிய அன்றே பக்கம் திறக்கவில்லை. காரணம் மிக எளிது. எங்கள் சேவை 127.0.0.1 என்ற முகவரியில் அழைப்புகளுக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அந்த எண் "நானே" என்று பொருள்படும். ஆகவே சர்வரில் குடியேறிய எங்கள் சேவை, அந்தச் சர்வருக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மட்டுமே செவிசாய்த்தது. வெளியாரையும் கேட்கவேண்டுமாயின் 0.0.0.0 என்று குறிப்பிடுதல் வேண்டும். (அதே சர்வரில் முன்வாயிலாக நிற்கும் வேறொரு மென்பொருள் அழைப்புகளை வாங்கி உள்ளே அனுப்புமாயின் 127.0.0.1 பொருத்தமானதே; பாதுகாப்பானதுங்கூட. எங்கள் சர்வரில் அத்தகைய முன்வாயில் இல்லை.)

அதைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. ஆயினும் நிலையங்களின் பட்டியலைக் காணோம். பட்டியல் இருந்த கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கிற்று. நிரலிலோ அதனைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தோம். விண்டோஸ் பொதுவாக இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. எங்கள் மேசையில் இருந்தது விண்டோஸ், சர்வரில் இருந்தது லினக்ஸ். இவ்விடத்தில் கேரளப் பள்ளி மாணவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. இம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகவே லினக்ஸைச் சார்ந்த கட்டற்ற மென்பொருள் புழங்கி வருகிறது. உலகிலுள்ள வலைச் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குவதால், அப்பள்ளியின் மேசையும் வெளியுலகச் சர்வரும் ஓரளவு ஒரே குணமுடையவை. மென்பொருளின் விலையைக் குறித்து நிகழும் விவாதங்களில் இந்த நன்மையை எவரும் எடுத்துக் கூறுவதில்லை.

எழுத்துருவத்திலும் இத்தகைய சங்கடம் நேர்ந்தது. யூனிகோடின் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். சர்வரிலிருந்த தரவுத்தளமோ இலத்தீன் எழுத்துகளுக்கென்றே அமைந்த பழைய ஏற்பாட்டில் இருந்தது. தமிழில் எழுதிய ஊர்ப் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டன. அவ்வாறு சேமித்தவற்றை மீட்க வழியில்லை; மீண்டும் எழுதவேண்டியதே.

இம்மூன்றும் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிட்டபடியால் பெரும் தீங்கு நேரவில்லை. நான்காவது பிழை மழைக்காலம் வரையில் மறைந்திருந்தது. இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்மழையின் அளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. அது உலகப் பொது நேரப்படி 3.00 மணி, தேதி மாறுவதில்லை. ஆதலின் பகற்பொழுதில் நாங்கள் செய்த சோதனைகள் அனைத்தும் சரியாகவே முடிந்தன. பெருமழை பெய்த ஓரிரவில், பணியிலிருந்த ஊழியர் 2.30 மணிக்கு ஓர் அளவைச் சேர்த்தார். எங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடியது; சர்வரின் கடிகாரமோ உலகப் பொது நேரத்தில் ஓடியது. அதற்கு அப்பொழுது மணி 21.00, தேதி முந்திய நாள். அவ்வளவு முழுவதும் நேற்றைய கணக்கில் போய் விழுந்தது. நள்ளிரவுக்கும் விடியற்காலை 5.30 மணிக்கும் இடையே சேர்க்கப்படும் எல்லாக் குறிப்புகளுக்கும் இதே கதிதான். ஆற்றின் மேற்பகுதியில் இரவில் பெய்த மழையைக் காலையில் கூட்டிப் பார்ப்பவருக்கு, தேதி பிசகிய அளவு அளவே இல்லாததைவிடக் கேடு விளைப்பது. அளவு இல்லையெனில் கேட்டு வாங்குவார். தவறான இடத்தில் இருந்தால் நம்பிவிடுவார். இதனை முதலில் கண்டு சொன்னவர் அந்த ஊழியரே. அவருக்கும் "இங்கே சரியாக இருக்கிறதே" என்றுதான் நாங்கள் விடை கூறினோம். பட்டப்பகலில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கூறினோம்.

இத்தகைய பிழை கற்றுக்குட்டிகளுக்கே நேரும் என்று கருதவேண்டாம். திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் தலைமையில் உருவான பி.எஸ்.எல்.வி. ராக்கெட், 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது. இரண்டாம் கட்டம் பிரியும் தறுவாயில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய குலுக்கம் ஏற்பட்டது. அதனைச் சமன்செய்ய முற்பட்ட கட்டளையின் மதிப்பு, அதற்கு வகுத்த உச்ச வரம்பைக் கடந்தது. வரம்பு கடந்தால் செய்யவேண்டியதை வழிநடத்தும் கம்ப்யூட்டரின் மென்பொருளில் எழுதியதில் ஒரு பிழை இருந்தது. மதிப்பு வரம்புக்குள் இருக்கும் வரையில் அப்பிழை தலைகாட்டாது. ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டவில்லை, ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. காரணத்தை ஆராய்ந்து திருத்தியபின், 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. தன் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ஐரோப்பியரின் ஏரியன்-5 ராக்கெட்டும் 1996 ஜூன் 4 அன்று முதற்பயணத்திலேயே அழிந்தது. ஏரியன்-4 ராக்கெட்டில் நன்கு உழைத்த மென்பொருளை அப்படியே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்தனர். அதன் வேகம் மிகுதியானதால் ஓர் எண் தனக்குரிய 16 பிட் இடத்தில் அடங்காமற் போயிற்று. பழைய இடத்தில் கிடைத்த நற்சான்று புதிய இடத்தில் செல்லுபடியாகவில்லை.

ராக்கெட்டுக்கும் மழைக்கணக்குக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் இருப்பினும், பிழையின் இயல்பு ஒன்றே. நாம் சோதிக்கும் இடம் நம் சொற்படி நடக்கும் சாதுவான இடம். அங்கே பயன்படுத்துபவர் ஒருவரே. கோப்புகள் யாவும் அவருடைய உரிமை. இரகசியச் சொல் முன்னமே பதிவாகியிருக்கிறது. நடுவில் வலையமைப்பு இல்லை. இவற்றில் ஒவ்வொன்றும் சர்வரில் மாறிவிடும்.

வேறுபாட்டைத் தேடும் முறைக்கு இவ்வூரிலேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தில் 1850களில் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் பிரௌன், அகத்தியமலையின் உச்சியில் ஒரு கிளை நிலையத்தை அமைத்தார். நகரிலும் மலையிலும் ஒரே காலத்தில் அளவெடுத்து, இடத்தால் ஏற்படும் மாறுதலைப் பிரித்தறிவது நோக்கம். வலைச்சேவைக்கும் இதுவே வழி. ஒரே கோரிக்கையை ஒரே தரவுடன் இரண்டு இடங்களிலும் அனுப்பி, கடிகாரம், மென்பொருட் பதிப்பு, சூழல் மாறிகள், கோப்புரிமை, எழுத்துக் குறியீடு ஆகியவற்றை இரண்டு பத்திகளாக எழுதி ஒப்பிடுதல் வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். அவசரத்தில் ஐந்தை ஒருங்கே மாற்றிவிட்டு, எது குணப்படுத்தியது என்று தெரியாமலே மகிழ்வோர் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்கக் காண்கிறோம்.

கள ஊழியர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறாமல், திரையில் தோன்றிய எண்ணையும் மணியையும் குறித்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. 404 எனில் அழைப்பு ஒரு சர்வரை அடைந்துவிட்டது, கேட்ட பொருள் அங்கில்லை. 502 எனில் முன்வாயில் விழித்திருக்கிறது, உள்ளே இருக்கும் சேவை சரியான விடை தரவில்லை. 504 எனில் உள்ளிருந்து உரிய காலத்தில் விடையே வரவில்லை. எண் எதுவுமின்றி "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்தக் கதவருகே கேட்பவர் எவருமில்லை என்று பொருள். நெடுநேரம் சுழன்று ஓய்ந்தால், இடையில் ஒரு தடுப்புச்சுவர் அழைப்பை ஓசையின்றி விழுங்கியிருக்கக்கூடும். மணியைக் குறிக்கும்போது இந்திய நேரம் என்றும் எழுதுக. சர்வரின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் அதே நிகழ்ச்சி ஐந்தரை மணி முன்னதாகப் பதிந்திருக்கலாம். அது தெரியாமல் தேடுபவர் ஒன்றுமே நிகழவில்லை என்று கூறிவிடுவார்.

தலைமையிடத்தில் இருப்போரிடம் எனக்குக் குறை உண்டு. சேவையை ஒப்படைக்கும் நாளில் அதன் மேசைச் செயல்விளக்கத்தைக் கண்டு கையொப்பமிடும் வழக்கம் பரவலாயிருக்கிறது. கள ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கைபேசியில், தம் ஊரின் மெலிந்த சமிக்ஞையில் ஒரு வாரம் பயன்படுத்தும் வரையில் அந்தக் கையொப்பம் காத்திருக்கட்டும். இதனால் சில நாள் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவன் எழுதிய சேவையை அவன் அமர்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஓட்டச் செய்து மதிப்பெண் இடுவது இன்றைய நடைமுறை. ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசையில் இருக்கும் மாணவியை அதன் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பல சமயங்களில் திறக்காது. விடையை உடனே கூறிவிடாமல், அவ்விருவரும் சேர்ந்து 127.0.0.1 என்ற எண்ணைக் கண்டுபிடிக்கும் வரையில் பத்து நிமிடம் பொறுத்திருங்கள்.