ஸ்பெயினுக்குப் போகிறீர்களா? மூன்று ஊர் போதும்!

குடும்பத்தோடு வெளிநாடு போய் வருவது இன்று பணக்காரர்களுக்கு மட்டும் உரிய காரியம் அல்ல. நாலைந்து வருடம் பணம் சேர்த்து, பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஒரு நாட்டைப் பார்த்து வருகிற நடுத்தரக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. சிங்கப்பூரையும் மலேசியாவையும் பார்த்தவர்களுக்கு, அடுத்து ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. அவர்களில் சிலர் ஸ்பெயின் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நல்ல தேர்வுதான். 2024-ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் வெளிநாட்டார் அந்த நாட்டுக்குப் போனார்கள். அந்த நாட்டின் ஜனத்தொகையே ஏறத்தாழ 5 கோடிதான்!

ஆனால், திட்டம் போடும்போதுதான் வினை வருகிறது. வீட்டில் ஒருவர் காகிதமும் பேனாவுமாக உட்காருகிறார். பார்சிலோனா, வலென்சியா, கிரானடா, மலாகா, செவில், கோர்டோபா, டொலேடோ, மாட்ரிட் என்று எழுதுகிறார். பத்து நாளில் எட்டு ஊர்! வரைபடத்தில் கோடு போட்டால் அழகாகத்தான் இருக்கிறது. காகிதத்துக்குக் கால் வலிக்காது. பாட்டிக்கு வலிக்கும்!

குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய காலுக்கு ஏற்றபடிதான் பயணத் திட்டம் இருக்க வேண்டும். பத்து இரவு தங்குகிறவர்களுக்கு மூன்று ஊர் போதும். இதுவே என் கருத்து.

ஒரு சின்னக் கணக்கு

"இத்தனை லட்சம் செலவழித்து மூன்றே மூன்று ஊரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்பெயின் பெரிய நாடு. தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு உள்ளது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறுவதென்றால், காலையில் பெட்டி கட்ட வேண்டும். ஓட்டல் அறையைக் காலி செய்ய வேண்டும். ரெயில் நிலையத்துக்குப் போக வேண்டும். வண்டியில் போய் இறங்கி, அடுத்த ஓட்டலைத் தேடிச் சேர வேண்டும். எவ்வளவு சுறுசுறுப்பான குடும்பமாக இருந்தாலும் அரை நாள் போய்விடும்.

எட்டு ஊர் என்றால் ஏழு தடவை மாற வேண்டும். ஏழு அரை நாள் சேர்ந்தால் மூன்றரை நாள்! மூன்று ஊர் என்றால் இரண்டு தடவை மாறினால் போதும். அதாவது ஒரு நாள். மிச்சம் இரண்டரை நாள். அந்த இரண்டரை நாளுக்கும் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பெட்டி தூக்குவதில் ஏன் கழிக்க வேண்டும்?

எப்போது போவது?

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தெற்கு ஸ்பெயினுக்குப் போகாதீர்கள். செவில், கோர்டோபா நகரங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து போய், அதைவிடக் கொடிய வெயிலில் விழுவானேன்?

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். இதில் மே மாதம் நம் பிள்ளைகளின் விடுமுறைக்கும் பொருந்தி வருகிறது. அப்போது அங்கே இரவு 9 மணியளவில்தான் சூரியன் மறையும். மாலையில் நீண்ட நேரம் வெளிச்சத்திலேயே உலாவலாம்.

முதலில் விசா

ஸ்பெயினுக்குப் போக "ஷெங்கன்" விசா வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கு இந்த ஒரே விசா செல்லும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே மனுச் செய்யலாம். கடைசி 15 நாளுக்குள் மனுச் செய்ய முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 வயது முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. மனு வாங்கும் நிலையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்சும் வேண்டும்.

பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் அது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

விசா கைக்கு வருமுன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள். ஓட்டல் அறையையும், வேண்டாம் என்றால் ரத்து செய்யக் கூடியதாகவே பதிவு செய்யுங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் மட்டுமே போகும். விமான டிக்கெட்டும் சேர்ந்து போனால் நாலைந்து வருடச் சேமிப்பு காலி!

ஆகாய விமானம்

சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு நேராகப் போகும் விமானம் கிடையாது. வழியில் எங்காவது இறங்கி வேறு விமானம் மாறியாக வேண்டும். வளைகுடா நகரங்கள் வழியாகவும் போகலாம், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழியாகவும் போகலாம். லண்டன் வழியாகப் போக நினைப்பவர்கள், அங்கே விமானம் மாறுவதற்குத் தனி விசா வேண்டுமா என்பதை முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள்.

விமான டிக்கெட் வாங்கும்போது மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று: போக்கும் வரவும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவற விட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. மலிவு என்று இரண்டு கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இரண்டு: விமானம் மாற மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் வாலிபர்கள் ஓடிப் பிடித்து விடுவார்கள். கைக்குழந்தையும் தாத்தாவும் ஓட முடியுமா? பிராங்க்பர்ட் வழியாகப் போனால் ஐரோப்பிய எல்லைச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் முதல், எல்லையில் வெளிநாட்டாரின் முகத்தைப் படம் பிடித்து, கைரேகை பதியும் முறை வந்திருக்கிறது. வரிசை நீளக்கூடும்.

மூன்று: இறங்கும் ஊர் ஒன்று, திரும்ப ஏறும் ஊர் வேறொன்று என்று கேட்டு வாங்குங்கள். பார்சிலோனாவில் இறங்கி, மாட்ரிட்டில் ஏறலாம். போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சமாகும். பல சமயம் இதற்கு அதிகக் கட்டணமும் ஆவதில்லை.

பார்சிலோனா: நாலு இரவு

போய் இறங்கிய நாளில் எந்தத் திட்டமும் வேண்டாம். மே மாதத்தில் ஸ்பெயின் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால் இருக்கும். அங்கே இரவு 8 மணி என்றால் உங்கள் உடம்புக்கு அது இரவு பதினொன்றரை. பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கி விழுவார்கள். தூங்கட்டும்.

மறுநாள் "சக்ரடா பமீலியா" கோவிலைப் பாருங்கள். 1882-ம் ஆண்டில் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு கௌடி என்ற சிற்பி பொறுப்பேற்றார். 1926-ல் டிராம் வண்டி மோதி அவர் இறந்தார். வேலை இன்னும் நடந்து கொண்டிருக்கிறது! உள்ளே தூண்கள் மரங்களைப் போலக் கிளை விட்டு நிற்கும். அதற்கும், அவர் அமைத்த குயெல் பூங்காவுக்கும் நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே வாங்க வேண்டும். மீதி நேரத்துக்குக் கடற்கரை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது போதும்.

"ரம்ப்ளா" என்ற கடைத்தெருவிலும் சுரங்க ரெயிலிலும் ஜேப்படிக்காரர்கள் அதிகம். பாஸ்போர்ட் உள்பையில் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112 என்ற நம்பரை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

செவில்: மூன்று இரவு

பார்சிலோனாவிலிருந்து செவில் நகரத்துக்கு அதிவேக ரெயிலில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். முன்கூட்டிப் பதிவு செய்தால் கட்டணம் குறையும். பெட்டிகளைச் சோதிப்பார்கள். அரை மணி முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

செவில் தேவாலயத்தில் கொலம்பசின் சமாதி இருக்கிறது. பக்கத்தில் "ஹிரால்டா" கோபுரம். முஸ்லிம் மன்னர்கள் காலத்தில் கட்டியது. உச்சி வரை ஏற ஏறக்குறைய முழுவதும் சரிவுப் பாதைதான். படிகள் கடைசியில் கொஞ்சம்தான். முழங்கால் வலிக்காரர்கள் பாதி வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கலாம். 1929-ம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டிய "பிளாசா தெ எஸ்பான்யா" சதுக்கத்தில் பிள்ளைகள் படகு விடலாம்.

ஒருநாள் காலையில் பெட்டி இல்லாமல் கோர்டோபா போய் வாருங்கள். ரெயிலில் முக்கால் மணிதான். 8-ம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. 1236-க்குப் பிறகு அது தேவாலயம் ஆயிற்று. 800-க்கு மேற்பட்ட தூண்கள்!

மாட்ரிட்: மூன்று இரவு

செவிலிலிருந்து தலைநகரான மாட்ரிட்டுக்கு அதிவேக ரெயில் 1992-லேயே வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டரை மணிப் பயணம். பாதை வேலைகளால் நேரம் மாறுவதுண்டு. கிளம்புமுன் கேட்டுக் கொள்ளுங்கள்.

இங்கே 1819-ல் திறந்த "பிராடோ" சித்திரசாலை இருக்கிறது. மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அனுமதி இலவசம். பிள்ளைகளுக்கு அந்த நேரமே தாராளம். மறுநாள் "ரெதீரோ" பூங்காவில் இளைப்பாறுங்கள். சக்தி இருந்தால் பழைய தலைநகரான டொலேடோவுக்குப் போய் வரலாம். ரெயிலில் அரை மணிதான். ஆனால், மேடு பள்ளமான ஊர். பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அல்ஹம்பிராவை விடுவதா?

இந்தத் திட்டத்தில் கிரானடா நகரின் அல்ஹம்பிரா அரண்மனை இல்லை. ஸ்பெயினில் முஸ்லிம் மன்னர்களின் கடைசி அரண்மனை அது. 1492-ல் கைமாறியது. "அதைப் பார்க்காமல் வருவதா?" என்று சிலர் சண்டைக்கே வருவார்கள்.

பாருங்கள், தடை இல்லை. ஆனால், செவிலுக்குப் பதிலாகக் கிரானடாவில் தங்குங்கள். இரண்டையும் அடைக்காதீர்கள். அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டு உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் கொடுக்க வேண்டும். சீக்கிரம் தீர்ந்துவிடும். விசா வந்த அன்றே வாங்கி விடுங்கள்.

அம்மாவுக்கும் விடுமுறை

ஸ்பெயின்காரர்கள் பகல் 2 மணிக்கு மேல்தான் சாப்பிடுவார்கள். இரவுச் சாப்பாடு 9 மணிக்கு. சின்னக் கடைகளைப் பிற்பகலில் மூடிவிடுவார்கள். இதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள். காலையில் ஒரே ஒரு இடம் பாருங்கள். பகலில் நன்றாகச் சாப்பிட்டுப் படுங்கள். மாலையில் உலாவுங்கள். குழந்தைக்கும் கிழவருக்கும் ஏற்ற முறை இதுதான்.

சைவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்கறி என்று சொன்னாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டோ மீனோ கிடக்கும். "ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ" என்று சொல்லுங்கள். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று பொருள். தக்காளி தேய்த்த ரொட்டி, குளிர்ந்த தக்காளிச் சாறு, முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை அடை ஆகியவை எங்கும் கிடைக்கும். பார்சிலோனாவிலும் மாட்ரிட்டிலும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. இங்கிருந்து பாலும் நெய்யும் இறைச்சியும் கொண்டு போகக் கூடாது. சட்டம் தடுக்கிறது.

சமையலறை உள்ள வாடகை வீடு எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அடுப்பு இருந்தால் அதன் முன் நிற்கப் போவது யார்? வருடம் முழுவதும் சமைத்தவர் பத்து நாளாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா?

இன்னொரு காரணமும் உண்டு. வீடுகளெல்லாம் பயணிகளுக்குப் போவதால் தங்களுக்கு வாடகை ஏறிவிட்டது என்று பார்சிலோனா மக்கள் கொதிக்கிறார்கள். 2024 ஜூலையில் தெருவில் இருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்தார்கள்! இத்தகைய வாடகை வீடுகளின் லைசென்சை 2028-க்குள் முடித்துவிடப் போவதாக நகரசபை அறிவித்திருக்கிறது. விருந்தாளியாகப் போகிறவர் வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக் கொள்ளலாமா? அளவான ஓட்டல் அறையே நல்லது.

இன்றே பேசுங்கள்

பயணம் போவது குடும்பம். ஆகவே திட்டம் போடுவதும் குடும்பமாக இருக்கட்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு ஆசை சொல்லச் சொல்லுங்கள். மெதுவாக நடப்பவர் முதலில் பேசட்டும். கடைசியாகப் பணம் கொடுப்பவர் பேசட்டும்.

அப்படிப் போட்ட திட்டத்தில் ஊர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால், திரும்பி வரும் விமானத்தில் ஒருவர் முகமும் வாடியிருக்காது.