கடை வந்தால் கால்பந்து அழியுமா?

விளையாட்டரங்கோடு கடைகளையும் குடியிருப்பையும் சேர்த்துக் கட்டினால் ஆட்டம் ஓரங்கட்டப்படும், பழைய மைதானத்தின் வரலாறும் புதைந்துபோகும் என்ற பேச்சு கால்பந்து ரசிகர்கள் நடுவே வெகுகாலமாக உண்டு. சுவிட்சர்லாந்தின் அனுபவம் இதை ஏற்கவிடவில்லை.

ஆட்டம் ஓரங்கட்டப்பட்டதா? பாசெல் நகரின் பழைய மைதானம் 1954 உலகக் கோப்பைக்காக எழுந்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டிய சங்க்ட் யாக்கோப் பார்க் 2001இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் அவ்வூரின் கட்டடக் கலைஞர்கள் ஹெர்சாக், டி மொய்ரான். அரங்கோடு ஒட்டியே வணிக வளாகம், முதியோர் குடியிருப்பு. மறு ஆண்டே எஃப்சி பாசெல் 22 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் லீக் பட்டம் வென்றது. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டுப் பட்டங்கள். 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என வீழ்த்தி, சாம்பியன்ஸ் லீக்கிலிருந்தே வெளியேற்றியதும் இங்கேதான். 2025இல் ஐரோப்பிய மகளிர் கோப்பையின் இறுதியாட்டமும் இங்கே நடந்தது. பட்டங்களைக் கட்டடம் வென்று தரவில்லை, ஆடியவர்கள்தான் வென்றார்கள். ஆனால் கடைகள் அவர்கள் காலைக் கட்டிப்போடவில்லையே!

அரங்கம் வெறும் வியாபாரமாகிவிடும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 12 அணிகள் ஆடும் சுவிஸ் லீக்கில் ஓர் அணி சொந்த ஊரில் ஆடுவது பருவத்துக்கு ஏறத்தாழ 19 ஆட்டங்கள். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் அரங்கைப் பராமரிக்கும் பணம் ரசிகரின் டிக்கெட்டிலிருந்தோ ஊரார் வரியிலிருந்தோதான் வர வேண்டும். கடை வாடகை அந்தச் சுமையில் ஒரு பங்கை ஏற்பது எப்படித் தவறாகும்? பெர்ன் நகரின் வாங்க்டோர்ஃப் அரங்கில் கூரைகூடச் சும்மா இல்லை. 1 மெகாவாட்டுக்கும் மேல் திறனுள்ள சூரியத் தகடுகள் அங்கே மின்சாரம் தருகின்றன.

வரலாறு புதைந்ததா? 1954 இறுதியாட்டத்தில் ஹங்கேரியை 3-2 என மேற்கு ஜெர்மனி வென்ற மண் வாங்க்டோர்ஃப். பழைய அரங்கம் 2001இல் இடிக்கப்பட்டது, புதியது 2005இல் திறந்தது. பழைய அரங்கின் கடிகாரமும் ஸ்கோர் பலகையும் இன்றும் வெளியே நிற்கின்றன. ‘ஸ்டாட் த சுவிஸ்’ எனச் சூட்டிய புதுப் பெயரும் நிலைக்கவில்லை. 2020இல் வாங்க்டோர்ஃப் என்ற பெயரே திரும்பியது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே அரங்கில் கால்பந்தையும் தடகளத்தையும் சேர்ப்பது ஆட்டத்துக்குக் கேடு. சூரிச்சின் லெட்சிகுருண்ட் அரங்கில் 2022இல் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து டைமண்ட் லீக் பட்டம் வென்றார். தடகளத்துக்கு அது அருமையான இடம். ஆனால் கால்பந்து பார்க்கப் போனவருக்கும் பந்துக்கும் நடுவே ஓடுபாதை அகன்று கிடக்கிறது. சென்னை நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்தக் குறை புதிதல்ல. ஆட்டத்தை ரசிகரிடமிருந்து தள்ளிவைப்பது ஓடுபாதையே, கடைகள் அல்ல.

தமிழ்நாட்டில் அடுத்த கால்பந்து அரங்கைத் திட்டமிடுவோர் தடகளத்துக்குத் தனி மைதானம் ஒதுக்கட்டும். கால்பந்து அரங்கைச் சுற்றிக் கடைகளும் வீடுகளும் தாராளமாக வரட்டும்.