ஜவ்வாது மலையில் 32 தகடுகள்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக மூன்று காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். பீமன் அருவியில் குளிப்பது ஒன்று. சாமை அரிசியும் தேனும் வாங்கி வருவது இரண்டு. காவலூர் வான ஆராய்ச்சி நிலையத்தைப் பார்ப்பது மூன்று. நாம் சென்ற மாதம் மலை ஏறியது மூன்றாவது காரியத்துக்காகத்தான். ஆனால் நட்சத்திரம் பார்க்கப் போன இடத்தில் டி.வி.டி. தகடு பார்த்துக்கொண்டு உட்காரும்படி நேர்ந்துவிட்டது. அந்தச் சமாசாரத்தைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

ஜமுனாமரத்தூரில் நமக்கு ஒரு சிநேகிதர் உண்டு. மலைப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குள் நாம் நுழைந்ததும், "வாருங்கள் ஸார்! சரியான சமயத்தில் வந்தீர்கள். என்னை ஒரு கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா, இல்லையா என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

வழக்கு இதுதான். ஆசிரியரிடம் 32 தகடுகள் இருந்தன. பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகங்கள், பையன்களின் விளையாட்டுப் போட்டிகள், 2008-ல் நடந்த அவருடைய பெண்ணின் கல்யாணம் எல்லாம் அவற்றில் பதிவாகியிருந்தன. இவற்றைக் கம்ப்யூட்டரில் சேமித்துவிட வேண்டுமென்று ஆரம்பித்தார். பழைய லாப்டாப்பில் ஒரு தகட்டைப் போட்டு, புதிய வீடியோக் கோப்பாக மாற்றுவதற்கு 52 நிமிஷம் பிடித்தது. கீழே, சமவெளியில் உள்ள ஒரு கடையில் போய்க் கேட்டார். "ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், பத்தே நிமிஷத்தில் முடியும்" என்றார்களாம். போட்டார். இப்போது 50 நிமிஷம் பிடிக்கிறது!

"பணம் போனது போகட்டும் ஸார்! தகடுகளுக்கே ஏதாவது கோளாறோ என்றுதான் இவருக்குத் தூக்கமில்லை" என்றார் அவருடைய மனைவி, காப்பியை வைத்துக்கொண்டே.

நாம் தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாட்சியை விசாரித்தோம். லாப்டாப்பில் 'டாஸ்க் மானேஜர்' என்று ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை வினாடிக்கு வினாடி எழுதிக் காட்டுவது அவர் வேலை. மாற்றம் நடந்துகொண்டிருந்தபோது அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில், பிராஸஸர் நூற்றுக்கு நூறு உழைப்பதாகவும், புதிய எஸ்.எஸ்.டி. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உழைப்பதாகவும் தெரிய வந்தது. மிச்ச நேரமெல்லாம் அது திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஏன் அப்படி? கணக்குப் போட்டால் விளங்கும். நம் நாட்டு டி.வி.டி.யில் வினாடிக்கு 25 படங்கள். ஒன்றரை மணி நேரத் தகட்டில் 1,35,000 படங்கள். பிராஸஸர் இவற்றில் ஒவ்வொன்றையும் பழைய முறையிலிருந்து பிரித்து, முந்திய படத்துக்கும் பிந்திய படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஆராய்ந்து, புதிய முறையில் சுருக்கி எழுதுகிறது. ஆசிரியருடைய லாப்டாப் வினாடிக்குச் சுமார் 45 படங்களைச் செய்து முடித்தது. 1,35,000-ஐ 45-ஆல் வகுத்தால் 3,000 வினாடி. அதாவது 50 நிமிஷம். அந்த 50 நிமிஷத்தில் தகட்டிலிருந்து வர வேண்டிய சரக்கு சுமார் 4,400 மெகாபைட். வினாடிக்கு ஒன்றரை மெகாபைட்டுக்கும் குறைவு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே வினாடிக்கு 100 மெகாபைட் வாங்கிக்கொள்ளும். எஸ்.எஸ்.டி. 500 வரையில் வாங்கிக்கொள்ளும். ஒன்றரைப் படி அளப்பவனுக்கு 100 படி மரக்கால் இருந்தால் என்ன, 500 படி மரக்கால் இருந்தால் என்ன?

மலையில் சாமை குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் எளிதில் புரியும். உரல் ஒன்று, உலக்கை ஒன்று. கொல்லையிலிருந்து சாமையை ஒரு வண்டியில் கொண்டுவந்தாலும் நாலு வண்டியில் கொண்டுவந்தாலும், குத்துகிற கை ஒன்றுதான். கடைக்காரர் ஆசிரியருக்கு விற்றது நாலாவது வண்டி.

ஆனால், கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. குத்தாமல், ஒரு கோணியிலிருந்து இன்னொரு கோணிக்குச் சாமையை மாற்றுவதாயிருந்தால் வண்டியின் வேகந்தான் கணக்கு. அது போலவே, படங்களைத் திரும்பச் சுருக்காமல், உள்ளது உள்ளபடியே வேறு உறையில் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு. ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் 4,400 மெகாபைட்டை இப்படி மாற்றுவதற்கு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகுமென்றால், எஸ்.எஸ்.டி.யில் சில வினாடிகளில் தீர்ந்துபோகும். இடம் மட்டும் நிறைய வேண்டும். புதிய முறையில் சுருக்கினால் மூன்றில் ஒரு பங்கு இடத்திலேயே அடங்கக்கூடும்.

பிராஸஸருக்கு ஒத்தாசையாக வேறு ஏற்பாடும் இருக்கிறது. 2011 முதல் வந்த பல பிராஸஸர்களிலும், 2012 முதல் வந்த பல படக் கார்டுகளிலும், வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனி உறுப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அது வேலையைப் பல மடங்கு சீக்கிரமாக முடித்துவிடும்; அதே அளவுக் கோப்பில் படத்தின் தெளிவு மட்டும் சற்றுக் குறையலாம். ஆசிரியருடைய லாப்டாப் இதற்கெல்லாம் முந்தியது. ஆகவே அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

இது வரையில் வழக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு ஆசிரியர் கல்யாணத் தகட்டை எடுத்து வந்தார். அந்தத் தகட்டின் கடைசிப் பகுதியில் நலங்கு. நலங்கில் அவருடைய தாயார் பாடியிருக்கிறார். அந்த அம்மாள் 2014-ல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. தகடு 79-வது நிமிஷம் வரையில் ஒழுங்காக ஓடியது. அதற்கு மேல் டிரைவ் முனகிற்று, வேகம் குறைந்தது, மாற்றம் அறுந்து போயிற்று. "மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தேன் ஸார். மூன்று தடவையும் அதே இடந்தான்" என்றார்.

கிராமபோன் தட்டில் முள் ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரும். டி.வி.டி.யில் நேர் விரோதம். ஒளிக்கதிர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போகிறது. தகடு சுற்றும் வேகம் ஒரே மாதிரியாக இருக்கும்போது, ஓரத்தில் தடம் நீளமாகையால், அங்கேதான் படிப்பும் அதிவேகம். எட்டு மடங்கு வேகம் என்று டிரைவின் மேல் எழுதியிருந்தால், அது கடைசி ஓரத்துக்கு மட்டும் பொருந்தும். நடுவில் அதில் பாதி கூட இராது. நம் கைவிரல் படுவதும், பதிவு சரியாக அமையாமல் போவதும் ஓரத்திலேதான் அதிகம். வீட்டில் பதிவு செய்கிற தகட்டில் எழுத்து நிற்பது ஒரு சாயப் பூச்சின் மேல். வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்துக்குச் சத்துருக்கள். மலை மூட்டத்தில் வருஷக்கணக்காக அலமாரியில் இருந்த தகடு வேறு எப்படியிருக்கும்?

இதில் ஆசிரியர் செய்த ஒரே தவறு, படிக்கும் வேலையையும் குத்தும் வேலையையும் ஒன்றாகச் சேர்த்ததுதான். பிராஸஸர் நிதானமாகக் குத்தி முடிக்கும் வரையில் அந்த நலிந்த தகடு 50 நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நடுவில் தடைப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து! தகட்டை முதலில் அப்படியே டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அது உறைக்குத் திரும்பிவிடும். பிறகு பிராஸஸர் இரவெல்லாம் குத்தட்டும்.

மறுநாள் காவலூர் போனோம். வைணு பாப்பு 1968-ல் இந்த நிலையத்தைத் தொடங்கியபோது இங்கே இருந்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று. 1986-ல் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெரிய கூண்டைக் காட்டிலும் அன்று நம் மனத்தில் நின்றது, 1977 மார்ச் 10-ந் தேதி இங்கே 1 மீட்டர் தொலைநோக்கியில் நடந்த விஷயம். அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வந்தது. நட்சத்திரத்தின் ஒளி குறைந்து குறைந்து மீண்டதை அங்கே பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. ஒளி மறைகிற அந்தச் சில வினாடிகளில் யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. பதிவு முதலில், கணக்கெல்லாம் பிறகு.

காவலூருக்குத் தாய் வீடு கோடைக்கானல். அங்கே 1904 முதல் நூறு வருஷங்களுக்கு மேல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களை முதலில் ஒரு தடவை, குறைந்த நுணுக்கத்துடன், 8 பிட் அளவில் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். போதவில்லை என்று கண்டு, பிற்பாடு 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட காமிராவினால், 16 பிட் அளவில், மறுபடியும் மாற்றினார்கள். ஒரு படத்துக்கு 1 கோடியே 67 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. இரண்டாவது தடவை செய்வதற்கு மூலப்படங்கள் அழியாமல் இருந்தன. ஆசிரியருடைய தகடு அப்படிக் காத்திருக்குமா?

மாலையில் ஜமுனாமரத்தூர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தோம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்தோம். லாப்டாப்பில் இருந்தது பழைய யு.எஸ்.பி. துவாரம், அது வினாடிக்கு 30 மெகாபைட்தான் கொடுக்கும் என்று ஆசிரியர் கவலைப்பட்டார். டிரைவ் தன் உச்ச வேகத்திலேயே 11 மெகாபைட்தானே கொடுக்கிறது என்றோம். 32 தகடுகளும் நிறைந்தவை என்று வைத்துக்கொண்டாலும், படிப்பதற்கு ஆறரை மணி நேரம். இடம் 141 ஜி.பி. சுருக்குவதற்கு 27 மணி நேரம். நாலு இரவு விட்டுவைத்தால் முடிந்தது. நடுவில் இரண்டு தரம் மின்சாரம் போயிற்று. லாப்டாப்பின் பாட்டரி மானத்தைக் காப்பாற்றியது.

29 தகடுகள் சுகமாக நகலாயின. இரண்டில் அங்கங்கே சில வினாடிகள் போயின. கல்யாணத் தகடு மட்டும் அந்த டிரைவில் அசையவில்லை. ஒரு டிரைவுக்குப் பிடிபடாத தகடு மற்றொன்றுக்குப் பிடிபடுவது உண்டு. ஆகையால் ஊரில் ஒருவர் பரணில் போட்டிருந்த பழைய மேஜைக் கம்ப்யூட்டரை இறக்கினோம். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. படிக்க முடியாத இடத்தில் பிடிவாதம் செய்யாமல் தாண்டிப் போய், நல்ல இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட இடத்தில் முயற்சி செய்யும். டிரைவின் வேகத்தையும் நாம் குறைத்து வைத்தோம். ஐந்து மணி நேரம் பிடித்தது. கடைசிப் பதினொரு நிமிஷத்தில் ஒன்பது நிமிஷம் கிடைத்தது.

பாட்டு இருக்கிறது. பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் பேத்தியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. என்ன சொன்னார் என்று ஆசிரியருக்கும் ஞாபகம் இல்லை. அவருடைய மனைவிக்கும் ஞாபகம் இல்லை. பெண்ணுக்குப் போன் செய்து கேட்டார்கள். "பாட்டி என்னவோ சொன்னாள், எல்லோரும் சிரித்தோம்" என்பதோடு சரி.

நம் வீட்டிலும் பழைய டிரைவ் ஒன்று இருக்கிறது. வேறு கம்பெனியார் செய்தது. நாம் புறப்படும்போது ஆசிரியர் அந்தத் தகட்டை ஒரு கதர்த் துண்டில் சுற்றி, இரண்டு படி சாமை அரிசியோடு நம்மிடம் கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கப் போகிறோம்.