பழைய ஜீப்புக்குப் பழைய டயரா? நாலு எண்ணைப் பாருங்கள்!

பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. பக்கத்து அரியலூரிலோ சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். டயர் செய்வதும் இங்கே, தேய்வதும் இங்கே!

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும், பழைய பொலிரோ வைத்திருக்கும் சிலர் செகண்ட் ஹேண்ட் டயரையே தேடுகிறார்கள். "வண்டியே பழசு, டயர் எதற்குப் புதுசு?" என்பது அவர்கள் கணக்கு.

தப்புக் கணக்கு! 2019-க்கு முந்திய பல வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கிடையாது. குடும்பத்தோடு போகும்போது டயரின் பிடிமானத்தைத்தான் நம்ப வேண்டும்.

"பட்டன் தேயவில்லையே" என்று ஏமாறக்கூடாது. வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது.

முன்னாலா, பின்னாலா?

இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறதா? புதியதைப் பின்சக்கரங்களில் மாட்டுங்கள். பலர் முன்னால் மாட்டுகிறார்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். பல வண்டிகளில் வயது முதிர்ந்த டயர் அதுதான்.