பந்தலுக்குள்ள எந்த லென்ஸ்?

இந்த வாரம் சின்னமனூர்ல இருந்து ஒரு தம்பியோட கேள்வி. காலேஜ்ல ரெண்டாம் வருஷம். செகண்ட்ஹேண்ட்ல வாங்கின நிக்கான் டி3400, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். கல்யாண வீடுகளுக்கு ஒரு போட்டோகிராபர் அண்ணனோட அசிஸ்டென்ட்டாப் போய், ஒரு சீசன் பூரா லைட் பிடிச்சுக் காசு சேர்த்திருக்கார். ஆவணியில சொந்தமா ஒரு காதுகுத்து ஆர்டர். அடுத்த வருஷ ஃபீஸ் இந்த வேலையிலதான் வரணும்.

"அண்ணே, கடையில ரெண்டு பழைய லென்ஸ் இருக்கு. டாம்ரான் 17-50, சிக்மா 17-50. ரெண்டும் எஃப்/2.8. டாம்ரான் கையில இருக்கிற காசுக்குள்ள வருது. சிக்மாவுக்குக் கொஞ்சம் இடிக்குது. எதை வாங்கட்டும்?"

இது தம்பிக்கு மட்டும் வர்ற குழப்பம் இல்லை. கேமரா கம்பெனியோட சொந்த எஃப்/2.8 ஜூம் நம்ம பாக்கெட்டுக்கு எட்டாது. அதனாலதான் டாம்ரான், சிக்மா மாதிரி தேர்டு பார்ட்டி லென்ஸ் பக்கம் போறோம். போங்க, தப்பே இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி நாலு விஷயம்.

முதல்ல, எஃப்/2.8 எதுக்கு?

கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்குள்ள நுழைஞ்சு பாருங்க. வெளியில கண்ணு கூசுற வெயில். உள்ளே இலைக்கூரைக்குக் கீழே அரை இருட்டு. கிட் லென்ஸை 55-க்கு ஜூம் பண்ணினா அது எஃப்/5.6-க்கு இறங்கிடும். அதே இடத்துல எஃப்/2.8 லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, கிட் லென்ஸ் 1/15 செகண்ட் கேட்கிற இடத்துல இது 1/60-ல வேலையை முடிச்சிடும். பழம் பறிக்கிற அக்காவோட கை 1/15-ல கலங்கிப் போகும், 1/60-ல ஓரளவு நிக்கும். காதுகுத்துல மாமா மடியில துள்ளுற குழந்தைக்கும் இதே கணக்குதான்!

ரெண்டாவது, ஆட்டம் தாங்குற வசதி.

சிக்மா 17-50-ல ஓ.எஸ். உண்டு. டாம்ரான்ல ரெண்டு வகை. 2006-ல வந்ததுல அந்த வசதி இல்லை, 2009-ல வந்ததுல வி.சி. உண்டு. பேரு வேற, வேலை ஒண்ணுதான். உங்க கை நடுங்கினா சமாளிக்கும். சுருளி அருவியில ஸ்டாண்ட் இல்லாம, தண்ணி பட்டு மாதிரி வழியுற படம் எடுக்கணுமா? சூப்பரா உதவும். ஆனா எதிர்ல இருக்கிறவர் நகர்ந்தா அது ஒண்ணும் பண்ணாது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுல தீச்சட்டி ஏந்தி வர்றவங்களை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் ஸ்பீடுதான் வேணும். ஸோ, ஆளுங்களை எடுக்கிறவங்க இதுக்காகக் கூடுதல் காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

மூணாவது, இதுலதான் பல பேர் கவுந்துடுறாங்க.

நிக்கான் டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிகளுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ள மோட்டார் இருந்தாத்தான் ஆட்டோ ஃபோகஸ். பழைய டாம்ரான் 17-50 நிக்கானுக்கு மோட்டார் இல்லாமலும் வந்திருக்கு, மோட்டாரோடவும் வந்திருக்கு. வெளியில பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். லென்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. உலோக வளையத்துல ஸ்க்ரூ தலை மாதிரி ஒரு சின்னத் திருகு இருந்தா, அது பாடியோட மோட்டாரை நம்பி வாழுற ஆள். டி3400-ல மாட்டினா கையாலதான் ஃபோகஸ் திருப்பணும். சிக்மா 17-50-ல மோட்டார் உள்ளேயே இருக்கு. கேனான்காரங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, இ.எஃப். லென்ஸ்களோட மோட்டார் லென்ஸுக்குள்ளேயேதான்.

நாலாவது, 'மலிவா கிடைக்குதே'ன்னு 28-75 பக்கம் போகாதீங்க. அது ஃபுல் ஃப்ரேமுக்குப் பொறந்தது. நம்ம சின்ன சென்சார்ல 42-ல இருந்துதான் ஆரம்பிக்கும். காதுகுத்து வீட்டு ரூம்ல பின்னால போய்ப் போய் முதுகு சுவத்துல இடிக்கும், தாய்மாமன் பாதிதான் ஃப்ரேம்ல இருப்பார்!

புதுசா மிரர்லெஸ் வாங்கினவங்களுக்கு ஒரு வரி. சிக்மா 18-50 எஃப்/2.8 முதல்ல சோனிக்கு வந்தது, ஃப்யூஜிக்கும் உண்டு, 2024-ல இருந்து கேனான் ஆர்.எஃப்.புக்கும் உண்டு. எடை 300 கிராமுக்குள்ள, ஆனா ஆட்டம் தாங்குற வசதி இல்லை. டாம்ரான் 17-70-ல அந்த வசதியும் கூடுதல் ஜூமும் உண்டு, எடை 500 கிராமைத் தாண்டும். மேகமலைக்குத் தோள்ல தூக்கிட்டுப் போறவங்க யோசிச்சுக்கோங்க.

கடைக்குப் போறப்ப உங்க கேமராவை மறக்காம எடுத்துட்டுப் போங்க. அஞ்சு பாட்டிலைச் சாய்வா வரிசையில வெச்சு, நடுப் பாட்டில்ல ஃபோகஸ் பண்ணி எஃப்/2.8-ல எடுங்க. முன்னாடியோ பின்னாடியோ இருக்கிற பாட்டில் ஷார்ப்பா வந்தா வேண்டாம். டி3400 மாதிரி பாடியில அதைச் சரிபண்ற மெனுவே கிடையாது. அப்புறம் செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள்ள அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

சரி, தம்பி கதைக்கு வருவோம். "கடைசியா எடுத்த 200 படத்தோட ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, எந்த எம்.எம்.ல எடுத்திருக்கேன்னு எழுது"ன்னு சொன்னேன். பெரும்பாலும் 55-தான்னு வந்திருந்தா, 50 எஃப்/1.8 ஒண்ணு போதும், ஜூமே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவருக்குப் பாதி 18, பாதி 50-க்கு மேல. ஆக, ஜூம் வேணும்.

போன வாரம் போன் வந்தது. "அண்ணே, டாம்ரானைத் திருப்பிப் பார்த்தேன். திருகு இருக்கு. மாட்டி அமுக்கினேன், சத்தமே இல்ல. கடைக்காரர் 'அதெல்லாம் ஓடும்ப்பா, கொண்டு போ'ங்கிறார்."

"காசு?"

"பாக்கெட்லயேதாண்ணே இருக்கு!"

அப்பாடா! பாட்டில் டெஸ்ட்ல சிக்மா பாஸாம். ஆனா காசு பத்தலை. கடன் வாங்கட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னேன். அந்த அண்ணன்கிட்ட ஒரு நாளைக்கு ஃப்ளாஷைக் கேட்டு வாங்கு. வெள்ளைச் சுவர்ல, கூரையில பட்டுத் திரும்புற மாதிரி அடி. முதல் காதுகுத்தைக் கிட் லென்ஸே தாங்கும். அந்தக் கூலியும் சேரட்டும், அப்புறம் சிக்மா.

இன்னைக்கு ராத்திரி நீங்களும் உங்க 200 படத்தைத் திறந்து எண்ணிப் பாருங்க பாஸ். எந்த லென்ஸ் வேணும்னு அதுங்களே சொல்லும்.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!