சேர்த்துக் கட்டும் சரக்கு



ஓடுகிற சரக்கு வேண்டுமானால் ஓடாத சரக்கையும் எடுத்துக்கொள் என்று கம்பெனி ஏஜெண்டு சொல்லிக் கேட்காத வியாபாரி நம்மில் எவரும் இல்லை. பத்துப் பெட்டி சோப்புத்தூள் கேட்டால், கேட்காத பற்பசை இரண்டு பெட்டியும் பில்லில் ஏறிவிடும். கூரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நாமும் இதில் பலமுறை சிக்கியிருக்கிறோம். உண்மையைச் சொல்வதானால், தட்டுப்பாடான காலங்களில் சில்லறைக் கடைக்காரர்களிடம் நாமும் இதையே செய்திருக்கிறோம்.

இதே வேலையைத்தான் பெரிய மென்பொருள் கம்பெனிகளும் செய்தன. விண்டோஸுடன் தன் இணைய உலாவியையும் சேர்த்துக் கட்டி, நெட்ஸ்கேப்பை ஒழிக்கப் பார்த்ததாக 1998-ல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனியை இரண்டாகப் பிரிக்க 2000-ல் நீதிபதி உத்தரவிட்டார். மேல் நீதிமன்றம் 2001-ல் அதை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தை முறைகேடாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதி செய்தது.

நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு இருமுறை அபராதம் விதித்தது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் தன் மற்ற செயலிகளையும் போனில் ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியதற்கு ரூ.1,337.76 கோடி. தன் கட்டண முறையையே பயன்படுத்தச் சொல்லிச் செயலிக்காரர்களைக் கட்டாயப்படுத்தியதற்கு ரூ.936.44 கோடி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிபந்தனைகளை நீக்கினாலும் முதல் அபராதத்தை 2023 மார்ச்சில் உறுதி செய்தது. இரண்டாவதை 2025 மார்ச்சில் ரூ.216.69 கோடியாகக் குறைத்தது.

திறமையால் வளர்ந்தவனைத் தண்டிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரிதாக வளர்வது குற்றமல்ல. 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுப்பது, வளர்ந்த பலத்தால் பிறர் வழியை அடைப்பதைத்தான்.

நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? இன்று பெட்டிக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆர்டரும் கணக்கும் போனில்தான். ஊருக்கு ஒரே பாதை, அதுவும் ஒருவனுடையது என்றால், சுங்கம் அவன் சொன்னதுதான். செயலிக்குள் விற்கும் டிஜிட்டல் சேவைக்கு 15 முதல் 30 சதவீதம் கமிஷன் கேட்டார்கள். மளிகையில் இரண்டு சதவீதம் நின்றாலே நாம் சந்தோஷப்படுகிறோம்!

அபராதப் பணம் அரசுக் கஜானாவுக்குப் போகும், நமக்கு வராது. ஆனால் உத்தரவுக்குப் பின், 2023 ஜனவரியில், செயலிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளவும், எந்தத் தேடுபொறி என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கவும் வழி செய்வதாகக் கூகுள் அறிவித்தது. நமக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிது.

இந்தச் சட்டம் பெரியவர்களுக்கு மட்டுமானதல்ல. 19-வது பிரிவின்படி வணிகர் சங்கமும் ஆணையத்திடம் தகவல் கொடுக்கலாம். ஆகவே, கட்டாயச் சரக்கு ஏற்றிய பில்களையும் கடிதங்களையும் உறுப்பினர்கள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்; சங்கம் அவற்றைத் தொகுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. நம்மிடம் வாங்கும் சிறு கடைக்காரருக்கு, கேட்ட சரக்கை மட்டும் கட்டிக் கொடுப்போம். நம் கை சுத்தமாக இருந்தால்தான் பெரியவனை நோக்கி விரல் நீட்ட முடியும்.