பாலுக்கு ஒரு தாள்

தம்பி! 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது, சாராயத்தில் ஒளிந்திருந்த மெத்தனால். நிறம் காட்டிக்கொடுக்காது, நாவும் அறியாது. உடலுக்குள் பார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

அதற்கு முன்பே, சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு மாணவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து காகிதத்தாலேயே கருவி செய்தனர். ஒரு மில்லி லிட்டர் பால் போதும். 30 விநாடியில் யூரியாவும் சோப்பும் மாவுக் கலப்படமும் நிறத்தால் அம்பலமாகும். மெச்சத்தக்க பணி!

பாலுக்குத் தாள் கண்ட அறிவு, சாராயத்தில் கலந்த நஞ்சுக்கும் காணாதா? குடிகாரனுக்கு ஆராய்ச்சியா என்று முகம் சுளிப்போர் உண்டு. அவன் விட்டுச்சென்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும்!

பொறியியல் கல்லூரிகளில் பயிலும் தோழர்களே, அடுத்த ஆய்வுத் தலைப்பைக் கேட்கும் பேராசிரியரிடம் கருணாபுரத்தைச் சொல்லுங்கள்.